உள்ளே இருந்து கதவைத் திறப்பவர்

டீக்கடைக்காரர் தன் பாய்லரைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக் கட்டிய அன்று அந்த ஊரின் மக்கள்தொகை சரிபாதியாகக் குறைந்தது. இப்படிச் சொன்னால் ஏதோ கொள்ளை நோய் வந்ததுபோல இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கிளம்பிவிட்டார்.

மிச்சம் இருந்தவர் மாவு மில்காரர். பாய்லரைக் கீழே இருந்து தூக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"நீயும் வந்துடுய்யா," என்றார் டீக்கடைக்காரர், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "இங்க இருந்து யாருக்கு அரைக்கப் போற?"

"இத்தனை நாளா நீ யாருக்கு டீ போட்ட?"

"உனக்கு."

"நான் யாருக்கு அரைச்சேன்?"

டீக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். தனக்குத்தான். ஒரு ஊரின் வணிகம் இதைவிட எளிமையாக இருக்க முடியாது. அது அன்றோடு முடிந்தது. பஸ் மில்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வந்த வழியே திரும்பியது. பாய்லர் மட்டும் கூரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் வெயிலில் மின்னிக்கொண்டே போயிற்று.

மில்காரர் போகாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போனால் வரும் பெருநகரத்தில் அவருடைய மகள் இருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மில்காரர் இன்னும் பார்க்கவில்லை.

"கழுத்து நிக்கட்டும்ப்பா, தூக்கிட்டு வரேன்," என்று போனில் சொல்லியிருந்தாள். "நம்ம வீட்லதான் முதல்முதலா தொட்டில்ல போடணும். பஸ்ஸு இன்னும் வருதுல்ல? கைக்குழந்தையை வச்சிக்கிட்டு அந்த ரோட்ல நடக்க முடியாதுப்பா. ஆட்டோக்காரன் எவனும் வர மாட்டான்."

"வராம என்ன? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நம்ம வாசல்லதான் வந்து நிக்கும். நீ இறங்கி ஒரு எட்டு வச்சா வீடு."

மில்லும் வீடும் ஒரே கட்டடம். முன்பக்கம் மெஷின், பின்பக்கம் குடித்தனம். மகள் குழந்தையாக இருந்தபோது தொட்டில் தொங்கிய கொக்கி இன்னும் விட்டத்தில் இருந்தது. போனை வைத்ததும் மில்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கிக்கு மெஷின் எண்ணெய் போட்டார். கொக்கிக்கு எண்ணெய் போடத் தேவையே இல்லை. அது எங்கேயும் சுற்றப் போவதில்லை. இருந்தாலும் போட்டார்.

அதற்குப் பிறகு, அரைப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், தினமும் கொஞ்ச நேரம் மெஷினை வெறுமனே ஓடவிடுவார். சத்தம் இருந்தால் வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். நிறுத்தியதும் ஊரே அவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும். ஊரில் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது என்பது வேறு விஷயம்.

கண்டக்டர்தான் முதலில் செய்தி கொண்டு வந்தார். மில்காரரை மாமா என்று கூப்பிடுவார். உறவு ஒன்றும் இல்லை; அந்த வழித்தடத்தில் வேறு யாரையும் கூப்பிட முடியாததால் வந்த பழக்கம்.

"மாமா, புதுசா உத்தரவு போட்டிருக்காங்க. ஆள் ஏறாத ஸ்டாப்பை எல்லாம் எடுத்துடணுமாம். தினமும் காலையில ஒருத்தராவது ஏறணும். ஒரு நாள் விட்டாலும் போச்சு."

"காய்ச்சல் வந்துட்டா?"

"காய்ச்சலோட ஏறணும்."

"செத்துட்டா?"

"அது ஒரு நாளைக்குச் செல்லும் மாமா. மறுநாள் யார் ஏறுவா?"

டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஹாரன் மூலமாகவே கருத்துத் தெரிவித்து வந்தவர். அன்று ஹாரன்கூட அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மில்காரர் பயணி ஆனார். காலை பஸ்ஸில் ஏறி நகரத்துப் பஸ் நிலையத்துக்குப் போவார். அங்கே கழிவறைக்கும் விசாரணை அறைக்கும் நடுவில் இருந்த பெஞ்சில் உட்காருவார். எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். "எந்த ஊரு?" என்று யாராவது கேட்பார்கள். சொல்வார். "எங்க போறீங்க?" என்பார்கள். "அதே ஊருக்குத்தான்," என்பார். கேட்டவர்கள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புவார். ஊரில் இருந்தபோது தனியாகத்தான் இருந்தார். இப்போது கூட்டத்தில் போய்த் தனியாக இருந்துவிட்டு வருகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் கணக்கெடுப்பாளர் வந்தார்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கக்கத்தில் குடை, கழுத்தில் அடையாள அட்டை. அவர் இறங்கக் காத்துக்கொண்டு படிக்குக் கீழே மில்காரர் நின்றார்.

"இந்த ஊர்ல ஆள் இருக்காங்களா?"

"நான்தான் சார் இருக்கேன்."

"இப்ப எங்க கிளம்பிட்டீங்க?"

"பஸ்ஸுக்கு."

"அப்ப இல்லை," என்றார் கணக்கெடுப்பாளர், குரலில் உண்மையான வருத்தத்தோடு. "குடியிருப்பவர்னா எங்க துறையில ஒரு விதி இருக்கு. நாங்க தட்டும்போது உள்ள இருந்து கதவைத் திறக்கணும். திறந்தா அவர் குடியிருப்பவர். வெளிய இருந்து வந்து திறந்தா, அவர் சாவி வச்சிருக்கிற ஆள். அவ்வளவுதான்."

"அப்ப இப்பவே உள்ள போறேன். தட்டுங்க, திறக்கிறேன்."

"ஆபீஸ் நேரத்துலதான் தட்டணும். இன்னும் நேரம் ஆகல."

"சாயங்காலம் வந்துடுவேனே?"

"நீங்க வர்றப்ப ஆபீஸ் நேரம் முடிஞ்சிரும். நீங்க இறங்குற பஸ்லதான் நான் ஏறணும். அதை விட்டா எனக்கு வேற பஸ் கிடையாது."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மில்காரர் வீட்டில் இருந்தால் பஸ்ஸில் பயணி இல்லை; பஸ் போய்விடும். பஸ்ஸில் இருந்தால் ஊரில் ஆள் இல்லை. ஆள் இல்லாத ஊருக்கு ஸ்டாப் கிடையாது. அப்போதும் பஸ் போய்விடும்.

"மாமா, உங்களுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையா? உங்க சாடையில?"

"வாயை மூடிட்டு விசிலை ஊதுடா மாப்ளே."

வாயை மூடிக்கொண்டு விசில் ஊத முடியாது என்பதைக் கண்டக்டர் அப்போது சுட்டிக்காட்டவில்லை.

நகரத்தில் பகல் முழுக்கச் சும்மாதான் இருந்தார் என்பதால் மில்காரர் நேராகப் போக்குவரத்துக் கழகத்தின் மேலாளரைப் பார்க்கப் போனார். மேலாளர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கக் கேடயங்கள்.

"பெரியவரே, உட்காருங்க. எங்க கொள்கை ரொம்பத் தெளிவு," என்றார் மேலாளர். "பஸ் மக்களுக்காகத்தான். ஆனா மக்கள் ஏறினா பஸ் தேயுது. ஏறலைன்னா நஷ்டம். அதனால டிக்கெட் எடுத்துட்டு வராம இருந்துடுறார் பாருங்க, அவர்தான் எங்க லட்சியப் பயணி. அந்தக் கேடயம் எதுக்குத் தெரியுமா? ஸ்ட்ரைக் நடந்த அன்னைக்கு ஒரு பஸ்கூட லேட்டா வரல. மாநிலத்துலயே முதலிடம்."

"நான் டிக்கெட் எடுத்துட்டு வீட்லயே இருந்துடட்டுமா சார்?"

"அருமையான யோசனை. ஆனா டிக்கெட்டைப் பஸ்ஸுக்குள்ளதான் கொடுப்போம்."

அங்கிருந்து கணக்கெடுப்புத் துறையின் இயக்குநர் அம்மாவைப் பார்க்கப் போனார். அவர் வாசலில் நின்ற வரிசை மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்திருந்தது. மில்காரரின் முறை வந்தபோது இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மக்களால எங்களுக்கு எவ்வளவு தொந்தரவு தெரியுமா? பொறக்குறாங்க. சாகுறாங்க. வீடு மாத்துறாங்க. நாங்க ஒரு எண்ணை எழுதி மை காயறதுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிறாங்க. ஆனா உங்க ஊர் பாருங்க, பூஜ்யம். அதுல பிழையே வராது. எல்லா ஊரும் அப்படி இருந்தா நான் நிம்மதியா ஓய்வு பெறுவேன்."

"நான் உங்க முன்னாடிதானேம்மா நிக்கிறேன்?"

"இந்த ஆபீஸ்ல நிக்கிறவங்களை நாங்க எண்ணுறதில்லை. எண்ணினா, மாவட்டத்துலயே பெரிய ஊரு இந்த ஆபீஸாத்தான் இருக்கும்."

ஆள் இல்லை என்று எழுதுவதற்கும் பலமுறை வந்து தட்ட வேண்டும் என்பது விதி. அதனால் கணக்கெடுப்பாளர் தினமும் வந்தார். தினமும் படியில் இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் இறங்க, ஒருவர் ஏற. பேச அவ்வளவுதான் நேரம். ஆகவே காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் வந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" என்று மில்காரர் காலையில் ஏறும்போது கேட்டார். சார் என்பது எப்போதோ தம்பி ஆகியிருந்தது.

"ஆச்சுங்க," என்றார் கணக்கெடுப்பாளர் சாயங்காலம். "அவளும் இதே துறைதான். வேற மாவட்டத்துல எண்ணிட்டிருக்கா."

"பாத்து எத்தனை நாளாச்சு?" இது மறுநாள் காலை.

சாயங்காலம் கணக்கெடுப்பாளர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எண்ணலைங்க."

அன்றுதான் மில்காரர் சாவி எந்தச் செங்கலுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னார். "வெயில்ல ஏன் நிக்கணும்? உள்ள போய் உட்காருங்க. பானையில தண்ணி இருக்கும். தட்டுல மூடி வச்சிருப்பேன், சாப்பிடுங்க. மெஷினோட சிவப்புப் பிடியைக் கீழ இழுத்தா ஓடும். ரொம்பச் சும்மா இருந்தா இழுத்து விடுங்க. பேச்சுத் துணை மாதிரி."

கணக்கெடுப்பாளர் நாள் தவறாமல் கடமையைச் செய்தார். ஆபீஸ் நேரம் தொடங்கியதும் கதவைத் தட்டுவார். காத்திருப்பார். யாரும் திறக்காததை உறுதி செய்துகொள்வார். பிறகு சாவியை எடுத்து, திறந்து, உள்ளே போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்.

ஒரு நாள் அவருடைய மேற்பார்வையாளர் ஜீப்பில் திடீரென்று வந்து இறங்கிக் கதவைத் தட்டினார். தூக்கக் கலக்கத்தில் கணக்கெடுப்பாளர் எழுந்து போய்த் திறந்தார்.

உள்ளே இருந்து.

"குடியிருப்பவர் ஒருவர்," என்றார் மேற்பார்வையாளர்.

"சார், நான்தான் சார்! உங்க கீழ வேலை பாக்கிறவன்!"

"தெரியாம என்ன? போன வாரம் உங்க மனைவியைப் பாக்க லீவு கேட்டீங்க, நான்தான் மறுத்தேன். ஆனா விதிக்கு மூஞ்சி கிடையாதுய்யா. உள்ள இருந்து திறந்தீங்களா, இல்லையா?"

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டபோது மில்காரருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரோ ஒருத்தராவது ஊரில் இருக்கிறார் என்று ஆகிவிட்டதல்லவா? ஆனால் கணக்கெடுப்பாளர் ஏற்கெனவே நகரத்தில் ஒரு வாடகை அறையில் எண்ணப்பட்டிருந்தார். ஒரே ஆள் இரண்டு ஊரில் இருந்தால் நாட்டின் மொத்தத் தொகையில் ஒன்று கூடிவிடும். துறை நடுங்கியது. போக்குவரத்து, கணக்கெடுப்பு இரண்டு துறைகளும் சேர்ந்து கூட்டு ஆய்வு நடத்துவது என்று முடிவானது. இரண்டுக்கும் மேலே இருந்த பெரிய அதிகாரி தாமே நேரில் வருவதாக அறிவித்தார்.

அவர் வந்த அன்று காலை, பஸ் மில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மில்காரர் ஏறி, வழக்கம்போலக் கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். தூசி வருகிறது என்று கண்டக்டர் பஸ் கதவைச் சாத்தியிருந்தார். ஜீப்புகள் வந்தன. அதிகாரிகள் எல்லோரும் இறங்கினார்கள். பெரிய அதிகாரி பஸ் கதவின்மேல் மோதிர விரலால் தட்டினார்.

யாரோ தட்டுகிறார்களே, பாவம், வெயிலில் நிற்கிறார்களே என்று மில்காரர் எழுந்து கதவைத் திறந்தார். "உள்ள வாங்க, உட்காருங்க," என்றுகூடச் சொன்னார்.

உள்ளே இருந்து ஒரு கதவு திறந்தாகிவிட்டது. பிறகு மேற்பார்வையாளர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"ஐயா, நான் அந்த வீட்டு ஆளு," என்று மில்காரர் கையை நீட்டிக் காட்டினார். "அதோ, அந்தக் கதவு."

"தாங்கள் திறந்தது இந்தக் கதவை," என்றார் பெரிய அதிகாரி கனிவோடு. அவர் எழுத்தில் இருப்பதுபோலவே பேசுபவர். படியில் ஏறி நின்று, உரையை அங்கேயே ஆற்றினார்.

"ஒரு ஊரை இழந்துவிட்டோம் என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. ஊரைச் சக்கரங்களின்மேல் ஏற்றியிருக்கிறோம். மக்கள் இருக்கும் இடத்துக்குப் போக்குவரத்தைக் கொண்டுபோவது பழைய சிந்தனை. அதில் சாலை போட வேண்டும், நிறுத்தம் கட்ட வேண்டும், அதற்குமேல் மக்களே புகார் சொல்வார்கள். மக்களைப் போக்குவரத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் இணைப்பு என்ற பிரச்சினையே எழாது. இன்று முதல் இந்தப் பேருந்து, ஒருவர் வாழும் குடியிருப்பு. இதை யாரும் ரத்து செய்ய முடியாது. ஆளில்லாத இந்த இடத்தில் இது நிற்கவும் வேண்டியதில்லை."

மேலாளருக்கும் இயக்குநர் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் வெற்றி. நிற்காத பஸ், பூஜ்ய ஊர். மேலாளர் அப்போதே ஒரு கேடயத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டதுபோலத் தெரிந்தார்.

"திரும்புறதுக்கு இங்க வந்துதானே சார் ஆகணும்?" என்று கண்டக்டர் கேட்டார். "வேற இடம் கிடையாதே."

"வரலாம், திரும்பலாம். ஆனால் நிற்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது."

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஊரில் யாரும் மறுபடி குடியேறிவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். ஆகவே ஊரில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டே இருக்க, ஊரிலேயே ஒருவரை நிரந்தரமாக நியமித்தார்கள். கணக்கெடுப்பாளருக்கு அது தண்டனையும் பதவி உயர்வுமாக வந்தது. பணியில் இருப்பவர் என்பதால் அவரை எண்ண வேண்டியதில்லை.

மில்காரர் வீட்டிலிருந்து ஒரு தலையணையும் ஒரு பழைய புடவையும் எடுத்துக்கொண்டார். ஊர் எல்லையில் பெயிண்டர் ஒருவர் ஏணி போட்டு, பெயர்ப்பலகையில் மக்கள்தொகை என்பதற்கு எதிரே வட்டமாக ஒரு பூஜ்யம் வரைந்துகொண்டிருந்தார். "குடிக்கத் தண்ணி இருக்குமா அண்ணே?" என்று கேட்டார். மில்காரர் போய் மொண்டு வந்து கொடுத்தார். பெயிண்டர் குடித்துவிட்டு, பூஜ்யத்துக்கு இரண்டாவது பூச்சுப் பூசினார்.

அதற்குப் பிறகு மில்காரர் பஸ்ஸிலேயே இருந்தார். ராத்திரி பஸ் பணிமனையில் நிற்கும்போது கடைசி நீள இருக்கையில் படுக்கை. காலையில் கண்டக்டர் எழுப்புவார். தினமும் இரண்டு தடவை பஸ் அவர் வீட்டைச் சுற்றித் திரும்பியது. ஜன்னலிலிருந்து தன் வாசலைப் பார்ப்பார். கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும். நீட்ட மாட்டார்.

மகள் போன் செய்தாள். "அப்பா! கழுத்து நின்னுடுச்சு. நாளைக்கு ரயில் ஏறுறேன். பஸ்ஸு உண்டுதானே?"

"பஸ்ஸு இருக்கும்மா," என்றார். "பஸ்ஸுக்கு ஒரு குறையும் இல்லை."

பஸ் நிலையத்தில் மகள் குழந்தையோடு வந்து ஏறினாள். தலையணையைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த துண்டைப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் இருந்த சோப்புப் பெட்டியைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"வீடு மாத்திட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

அவள் சண்டை போட வாயெடுத்தாள். அதற்குள் குழந்தை தாத்தாவின் மூக்கைப் பிடித்துவிட்டது. அதுவரை பஸ்ஸில் வேறு யாரும் அவர் மூக்கைப் பிடித்ததில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்து நின்றார்.

மில்காரர் பழைய புடவையை எடுத்தார். நிற்பவர்கள் பிடித்துக்கொள்ளும் மேல்கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுத் தொட்டில் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மகள் குழந்தையைக் கிடத்தினாள். அந்த ரோட்டுக்குத் தொட்டிலை ஆட்டிவிட ஆளே தேவைப்படவில்லை.

ஊர் நெருங்கியபோது மெஷின் சத்தம் கேட்டது. மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

"உள்ள யாரோ இருக்காங்களே?"

"யாரும் இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் போட்டிருக்காங்க."

"ஒரு நிமிஷம் இறங்கிட்டு வந்துடலாம்ப்பா. கொக்கியை மட்டும் பாத்துட்டு."

"இறங்கினா இந்தப் பஸ்ல குடியிருக்கிற ஆள் இல்லைன்னு ஆயிடும். பஸ்ஸை நிறுத்திடுவாங்க. அப்புறம் அடுத்த தடவை நீ எதுல வருவ?"

பஸ் மில்லைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. கதவு வழியாக விட்டம் தெரிந்தது. "அதோ," என்றார் மில்காரர். அதற்குள் தாண்டிவிட்டது. மகள் எழுந்து பின்ஜன்னலுக்கு ஓடினாள். "எங்க? சரியா பாக்கலையேப்பா."

பஸ் ரோட்டில் ஏறவில்லை. இன்னொரு வட்டம் திரும்பியது. மறுபடி வாசல் வந்தது. கொக்கி, பானை, மூடி வைத்த தட்டு எல்லாம் வந்து போயின. மூன்றாவதும் திரும்பியது.

"அண்ணே?" என்றார் கண்டக்டர்.

டிரைவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க," என்றார். "சுத்தக் கூடாதுன்னு சொல்லல."

தூசி எழும்பி வட்டமாக நின்றது. தொட்டில் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஆடியது. மெஷின் சத்தத்தில் குழந்தை தூங்கிவிட்டது. எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டியவர் வாசலில் நின்று, ஒவ்வொரு தடவையும் கை காட்டிக்கொண்டிருந்தார்.